நெல்லுக்கும் ஜுரம் பார்க்கலாம்!

நமக்கு ஜுரம் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்க வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள். நெல்லுக்கு யார் இருக்கிறார்கள்?

சிரிக்காதீர்கள் ஸார். திருவாரூர்ப் பக்கம் ஐப்பசி மழையில் குறுவை அறுத்தவர்களைக் கேளுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் அம்பாரமாகக் கொட்டி, தார்ப்பாய் போர்த்தி, முறை வரும்வரை காவல் இருக்க வேண்டும். அறுத்த நெல்லில் ஈரப்பதம் 20 முதல் 25 சதவிகிதம் வரை இருக்கும். நிலையத்தில் கேட்பதோ 17! மழை வருடங்களில் கொஞ்சம் தளர்த்துவார்கள், அவ்வளவுதான்.

ஈர நெல் சும்மா கிடக்காது. அதுவும் மூச்சு விடும். பூஞ்சணமும் கூட்டு சேரும். அம்பாரத்தின் நடு வயிற்றில் சூடு ஏறும், அரிசி மஞ்சளாகும். மேலே தொட்டால் ஜில்லென்றுதான் இருக்கும்!

இதற்கு ஒரு சின்ன வைத்தியர் இருக்கிறார். பெயர் டி.எஸ்.18பி20. எஃகுக் குப்பிக்குள் அடைத்து, ஒயரோடு விற்கிறார்கள். தண்ணீர் புகாது. மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை அளக்கும். இதை ஆர்டுயினோ போர்டில் மாட்ட வேண்டும். நான் படித்தது பி.காம். எனக்கே புரிந்தது, உங்களுக்குப் புரியாதா?

பொதுவாக மூன்று ஒயர். சிவப்பு, 5 வோல்ட்டுக்கு. கறுப்பு, கிரவுண்டுக்கு. மஞ்சள், 2-ம் நம்பர் பின்னுக்கு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெஸிஸ்டர் ஒன்று. மஞ்சள், ஊதா, சிவப்பு என்று கோடு போட்டிருக்கும். இது எதற்கு? கோயில் மணிக்கயிற்றைக் கீழே இழுக்கத்தான் முடியும்; மேலே தள்ள முடியுமோ? சென்ஸாரும் அப்படித்தான். மஞ்சள் ஒயரின் வோல்ட்டேஜைக் கீழே இழுக்க மட்டுமே தெரியும். மறுபடி மேலே தூக்குவது ரெஸிஸ்டர்.

ஒவ்வொரு சென்ஸாருக்கும் பாஸ்புக் மாதிரி தனி நம்பர் உண்டு. ஆகவே ஒரே ஒயரில் நாலைந்தை மாட்டினாலும் கணக்கு குழம்பாது. 'ஒன்வயர்', 'டல்லாஸ் டெம்பரேச்சர்' என்ற இரண்டு இலவச லைப்ரரிகளைப் போட்டால், டிகிரி திரையில் வந்துவிடும்.

மைனஸ் 127 என்று வந்தால் பயப்படாதீர்கள். அண்டார்டிகாவே மைனஸ் 89-ஐத்தான் பார்த்திருக்கிறது! ஏதோ ஒயர் கழன்றிருக்கிறது என்று அர்த்தம். எடுத்த எடுப்பில் 85 வந்தால் நெல் வெந்துவிடவில்லை; சென்ஸார் இன்னும் அளக்கவே ஆரம்பிக்கவில்லை. சந்தையில் போலிகளும் உண்டு. பொடித்த ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதில் முக்குங்கள். பூஜ்யத்துக்கு அரை டிகிரி முன்னே பின்னே காட்டினால் நல்ல சரக்கு.

மூங்கில் கழி நுனியில் ஒரு சென்ஸாரைக் கட்டி அம்பாரத்தில் குத்தப் போனபோது, எங்கள் மாமா கேட்டார்: "ஏன் மாப்ள, கைய வச்சுப் பாத்தாத் தெரியாதா?"

"முழங்கைக்குக் கீழ இன்னும் ரெண்டடி இருக்கே மாமா!"

"அப்ப சரி, குத்து!"

இன்னொன்றை வெளியே நிழலில் தொங்கவிடுங்கள். தினமும் விடியற்காலையில் இரண்டையும் குறித்து வையுங்கள். வெளியே அப்படியே இருக்க, உள்ளே மட்டும் நாளுக்கு நாள் ஏறினால், உடனே அம்பாரத்தைப் பிரித்துக் கிளறிக் காயப் போட வேண்டும்.

ஒன்று மறக்காதீர்கள். இது சூட்டை மட்டும்தான் சொல்லும், ஈரப்பதத்தைச் சொல்லாது. கொள்முதல் நிலையத்தில் இந்த நம்பரைக் காட்டினால் மூட்டை உள்ளே போகாது. ஆனால், நெல் மக்கி நாறிய பிறகு தெரிவதற்கும், சூடு ஏறும்போதே தெரிவதற்கும் நடுவே ஒரு போக வெள்ளாமை இருக்கிறதே... அதை வரவில் எழுத பி.காம். கூடத் தேவையில்லை!