அமெரிக்கக் குடியானவர்க்கு அரசாங்க உதவி

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, 1930ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தபோது, புல் நீக்கி உழப்பட்ட பெருஞ்சமவெளியின் மேல்மண் புழுதிப்படலமாய் எழுந்து ஊர்களை மூடிற்று. அத்துன்பத்தினின்று பிறந்ததே 1935ஆம் ஆண்டின் மண் காப்புச் சட்டம். அதனால் அமைந்த துறை, 1994 முதல் இயற்கை வளக் காப்புத் துறை என்னும் பெயருடன் நிலவுகின்றது.

ஆயினும் உதவி உண்டென்பது வேறு; அது குடியானவன் கைக்கு எட்டுவது வேறு. நாட்டுப்புறக் கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு) அவன் நாடவேண்டிய இடம் விவசாய இலாகாவின் சேவை நிலையமாகும். தன் கவுண்டியில் அஃதில்லையேல் அண்டைக் கவுண்டிக்குச் செல்லல் வேண்டும். ஆங்குப் பண்ணைச் சேவைத் துறையினரிடம் நிலப்பத்திரமோ குத்தகைச் சீட்டோ காட்டிப் பண்ணை எண் பெறுதல் முதற்படி. பின்னர்க் காப்புத் துறை அலுவலர் வயலுக்கே வந்து, அரிப்புண்ட சரிவையும் ஓடைக்கரையையும் நடந்து பார்த்துத் திட்டம் வரைந்து தருவர். இதற்குக் கட்டணமில்லை, நாம் மிக வியந்தது இதனையே.

அரிப்புக்குள்ளாகும் நிலத்தைப் பயிரிடாது, புல்லும் மரமும் வளர்ப்போர்க்கு 10 முதல் 15 ஆண்டுவரை வாடகையளிக்கும் ஏற்பாடு 1985இல் தோன்றிற்று. காப்புவேலைச் செலவில் ஒரு பங்கை அரசாங்கமே ஏற்கும் ஏற்பாடு 1996இல் வந்தது. இவ்விரண்டாவதில்தான் ஆர்வமிக்கவன் இடறி விழுகின்றான். ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் அவன் வேலி நட்டாலும் கரை கட்டினாலும், அவ்வேலைக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. விண்ணப்பங்களோ தேவை நோக்கி வரிசைப்படுத்தப்படுகின்றன. இவ்வாண்டு கிட்டாதவன் அடுத்த ஆண்டும் கேட்கலாம்.