வாலாட்டும் வகுப்பறை – 9: ‘விடு’

இந்த வாரம் ‘நில்’ என்ற கட்டளையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இடையில் என் மூக்குக்கண்ணாடி பலியாகிவிட்டதால் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

செய்தவன் மணி. பத்து மாதம். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த சிப்பிப்பாறைக் கலப்பு. (பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். தெருவுக்கு ஒரு மணி உண்டு, எங்கள் தெருவுக்கு இவன்.) மேசையில் இருந்த கண்ணாடியைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிட்டான். ஒரு பக்கம் நான் குனிந்தேன். மறுபக்கம் மனைவி துடைப்பத்தோடு. “குடுடா” என்கிறேன் நான். “கீழ போடு” என்கிறாள் அவள். மகள் “டிராப், டிராப்” என்று கத்த, வாசல்படியில் நின்று அம்மா, “ஏலே, விடுல!” என்கிறாள்.

மணி எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். முன்னங்கால்கள் இரண்டும் முழங்கை வரை தரையில் படிந்திருந்தன. பின்பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு கட்டில் சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது. வால் ஓயாமல் ஆடியது. நாய் வளர்த்த எவருக்கும் அந்த நிலை தெரியும். ‘வா, விளையாடலாம்’ என்று ஒரு நாய் இன்னொரு நாயை அழைப்பது அப்படித்தான்.

அவன் திருடவே இல்லை. செருப்பை, சாக்ஸை, கரண்டியை எடுத்தால் வீடே பின்னால் ஓடிவரும் என்று மூன்று மாதமாக நாங்கள்தான் பழக்கியிருக்கிறோம். அவனுக்கென்று வாங்கிய பந்தை வாயில் வைத்துக்கொண்டு நின்றால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எதை எடுத்தால் லாபம் என்று அவன் கணக்குப் போட்டதில் தப்பே கிடையாது.

ஆகவே முதல் வேலை, துரத்துவதை நிறுத்துவது. பொருளை எடுத்துக்கொண்டு ஓடினால் நீங்கள் எதிர்த் திசையில் நடங்கள். உப்பு போடாமல் வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைத் தரையில் போடுங்கள். வாயில் இருப்பதை வைத்துவிட்டுத்தான் அதைத் தின்ன முடியும். இது தற்காலிக ஏற்பாடு, அவ்வளவே. ‘விடு’ என்ற சொல்லுக்குப் பொருள் புரிய வேண்டுமானால் கயிறு இழுக்கும் ஆட்டம்தான் சரியான பள்ளிக்கூடம்.

பழைய லுங்கி ஒன்றை மூன்றாகக் கிழித்து ஜடை போலப் பின்னினேன். இரண்டு முனையிலும் முடிச்சு. நீளம் கை முழத்துக்கு இரண்டு. குறைந்த நீளமாக இருந்தால் பல் கையில் படும். தரையோடு பாம்பு மாதிரி இழுத்துக்கொண்டு போனதும் மணி பாய்ந்து கவ்வினான். பக்கவாட்டில்தான் இழுக்க வேண்டும். மேலும் கீழுமாக உலுக்கினால் கழுத்துக்கு ஆகாது. பால் பல் விழுகிற குட்டிகளிடம், அதாவது நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை, பிடித்தும் பிடிக்காமலும் ஆடினால் போதும்.

பத்து விநாடி இழுத்த பிறகு கயிற்றைத் தொடையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மரம் போல நின்றேன். மணி இழுத்தான். உறுமினான். தலையை உதறினான். கயிறு செத்துப்போனதாகத் தோன்றியிருக்க வேண்டும், தாடை லேசாகத் தளர்ந்தது. தளர்ந்த அந்த நொடியில் “சபாஷ்!” என்று சொல்லி, உடனே கயிற்றை அவன் முன்னாலேயே ஆட்டி “பிடி!” என்றேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கொடுத்தது திரும்பி வருகிறது என்பது அவன் வாழ்வில் புதுச் செய்தி. அதுவரை நாங்கள் பிடுங்கியதெல்லாம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும்.

நாற்பது, ஐம்பது முறை இப்படி ஆன பிறகுதான் சொல்லைச் சேர்க்க வேண்டும். கயிறு அசையாமல் நிற்பதற்குச் சற்று முன்னால் ஒரே ஒரு தடவை, சாதாரணக் குரலில். கத்தக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆட்டம் வேண்டாம். நம்மூர் வெயிலுக்குக் காலை ஏழுக்கு முன்பும், மாலை தரை சூடு ஆறிய பிறகும் மட்டும். பல் தோலில் பட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும், அரை நிமிடம் யாரும் பேசக் கூடாது. இந்த விதியை மகளைவிட மணி சீக்கிரம் கற்றான்.

“இழுக்கிற ஆட்டத்தில் நாயை ஜெயிக்க விட்டால் தலைக்கு மேல் ஏறிவிடும்” என்று சொல்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் ரூனி, பிராட்ஷா என்ற இரு ஆய்வாளர்கள் 14 கோல்டன் ரெட்ரீவர் நாய்களோடு இதைச் சோதித்து 2002-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொன்றோடும் இருபது முறை ஜெயித்தும், இருபது முறை தோற்றும் பார்த்தார்கள். ஜெயித்த நாய்கள் ஆளை அதட்டத் தொடங்கவில்லை. இன்னும் விளையாடலாம் என்று மேலே விழுந்து கேட்டன, அவ்வளவுதான். ஆனால் உடம்பு விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிய ஒரு பொருளைக் காத்துக்கொண்டு நிற்கும் நாயோடு இந்த ஆட்டம் வேண்டாம். அதற்குத் தேர்ந்த பயிற்சியாளரின் கண் வேண்டும்.

தின்பண்டமே இல்லாமல் விளையாட்டை மட்டும் கூலியாகக் கொடுத்து எவ்வளவு தூரம் போகலாம்? அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர், சேசர் என்ற பார்டர் கோலி நாய்க்கு மூன்று ஆண்டுகளில் 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்பித்தார். பெயர் சொன்ன பொம்மையை எடுத்து வந்தால் அதே பொம்மையை எறிவார், இழுப்பார். 2011-ல் அந்த ஆய்வு வெளியானது. ஆனால் அவர் தினமும் நாலைந்து மணி நேரம் செலவிட்டார். நமக்கு ஒரு சொல் போதும்.

எல்லா நாய்க்கும் ஒரே ஆட்டம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். பந்தை எறிந்தால் பறந்து போய்ப் பிடிக்கும், பிறகு அங்கேயே போட்டுவிட்டுக் காக்கையைப் பார்க்கும். மணியும் அப்படித்தான். அவனுக்கு மூங்கில் கம்பில் கயிறு கட்டி, நுனியில் துணி முடிந்து வட்டமாக ஓட விடுகிறேன். பிடித்ததும் ‘விடு’, விட்டதும் மறுபடி ஓட்டம்.

அடுத்த வாரம் ‘நில்’, இந்தத் தடவை நிச்சயம். அதற்குள் நீங்கள் ஒன்று செய்துவையுங்கள். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து அந்த ஒற்றைச் சொல் எதுவென்று முடிவு செய்து, சமையலறைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் ‘விடுல’தான் ஜெயித்தது.

(தொடரும்)