உங்களுக்குத் தெரியுமா? தக்கை திருகிக்கு முதல் காப்புரிமை ஒரு பாதிரியாருடையது!

பாட்டிலின் வாயை அடைக்கும் தக்கையை இழுத்து எடுக்க உதவும் திருகுக்கு இங்கிலாந்தில் முதன்முதலாகக் காப்புரிமை வாங்கியவர் சாமுவேல் ஹென்ஷால் என்ற பாதிரியார். ஆண்டு 1795. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், பழைய சாக்சன் மொழியை ஆராய்ந்து புத்தகம் எழுதியவர்.

துப்பாக்கிக் குழலுக்குள் சிக்கிய குண்டை வெளியே எடுக்கும் சுருள் கம்பியிலிருந்துதான் தக்கை திருகி பிறந்தது என்பார்கள். ஹென்ஷாலுக்கு நூறு வருஷம் முன்பே அது புழக்கத்தில் இருந்தது. ஆனால் தக்கை பாட்டிலின் கழுத்தோடு ஒட்டிக்கொண்டால் கை வலிக்க இழுக்க வேண்டும். பாதியில் பிய்ந்து தூள் உள்ளே விழும்.

அவர் செய்தது ஒரே ஒரு மாற்றம். சுருள் கம்பியின் மேல்பக்கத்தில் பொத்தான் அளவுக்கு வட்டத் தகடு ஒன்றை வைத்தார். கம்பி இறங்க இறங்க, தகடு தக்கையின் தலையில் போய் முட்டும். அதற்குமேல் கம்பி இறங்காது. இன்னும் திருகினால் தக்கையே சுழலும். கண்ணாடியோடு இருந்த பிடி விட்டுப்போகும். பிறகு இழுப்பது சுலபம். எத்தனை எளிய யோசனை!

பர்மிங்ஹாமில் இதைத் தயாரித்தவர் மாத்யூ போல்டன். ஆம், ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரக் கூட்டாளியேதான். அந்தச் சின்னத் தகட்டில் 'ஒப்ஸ்டாண்டோ ப்ரொமோவேஸ்' என்று லத்தீனில் பொறித்தார்கள். 'தடுத்து நின்றே முன்னேறுகிறாய்' என்று பொருள். தகடு செய்யும் வேலையும் அதுதானே! பக்கத்திலேயே 'சோஹோ பேட்டன்ட்' என்று போல்டனின் தொழிற்சாலைப் பெயரும் இருக்கும்.

ஹென்ஷால் 1807-இல் காலமானார். பழம்பொருள் சேகரிப்பவர்கள் இன்றும் ஹென்ஷால் திருகியைக் கண்டால், முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தத் தகட்டு எழுத்தைத்தான்.