வண்டைச் சலிக்கலாம், பூஞ்சணத்தை?

ஊரிலிருந்து வந்த அத்தை கொடுத்த மல்லியும் வற்றல் மிளகாயும் அலமாரியில் இருக்கின்றன. இரண்டு மாதம் கழித்துத் திறந்தால், மல்லியில் வண்டு. மிளகாயில் சாம்பல் நிறப் படலம். "வெயிலில் காய வைத்தால் சரியாகிவிடும்" என்பார்கள் வீட்டில். இது வண்டுக்கு ஓரளவு பொருந்தும், பூஞ்சணத்துக்குப் பொருந்தாது.

மல்லியைத் துளைக்கும் செம்பழுப்பு வண்டு 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம்தான். மெல்லிய பிளாஸ்டிக் பையையும் துளைத்துவிடும். சலித்தால் வண்டு போகும், உள்ளே இருக்கும் முட்டை போகாது. அதனால் வாங்கியதும் இறுக மூடி, ஃப்ரீசரில் மைனஸ் 18 பாகை செல்சியஸில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் குளிர் முழுதும் தணிந்த பிறகே திறக்க வேண்டும். அவசரப்பட்டால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே படிந்து பூஞ்சணம் பிடிக்கும்.

பூஞ்சணம் பிடித்தபின் துடைப்பதும் வறுப்பதும் வீண். சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் அஃப்லாடாக்சின் என்ற நச்சு, சமையல் சூட்டில் முழுமையாக அழிவதில்லை. அது கல்லீரலைத் தாக்கும். நாள்பட்டால் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். 1988-இல் பேராக்கில் லோ சீ ஃபன் சாப்பிட்ட 13 பிள்ளைகள் இறந்தார்கள். அதை ஆராய்ந்த மருத்துவர்கள் இந்த நச்சையே சுட்டினார்கள்.

மிளகாயில் பூஞ்சணம் உள்ளே ஒளிந்திருக்கும். அரைக்கும் முன் சிலவற்றைப் பிளந்து பாருங்கள். விதையருகே கறுப்போ சாம்பலோ தெரிந்தால், பை முழுவதையும் குப்பையில் போடுங்கள்.

கொஞ்சமாக வாங்குங்கள், காற்றுப் புகாத போத்தலில் வையுங்கள், ஈரக் கரண்டி வேண்டாம். பத்து வெள்ளி மிளகாய் போனால் போகட்டும். பிள்ளைகளின் தட்டுக்கு அது வர வேண்டாம்.