கொலஸ்ட்ராலுக்கு ஒரு சாட்சி

ரத்தத்தில் வில்லன் என்று பெயரெடுத்த கொழுப்பு, மூளை செல்லுக்கு எவ்வளவு அவசியம் என்று காட்டியிருக்கிறது ஹைதராபாத் ஆய்வுக்கூடம்

மாட்டின் உயிர் பிரிந்து பத்து நிமிடங்களுக்குள் மூளையைக் கையில் வாங்கிவிட வேண்டும். அதில் ஞாபகசக்தியோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, உடனே திரவ நைட்ரஜனில் உறைய வைக்க வேண்டும். ஹைதராபாத் உப்பல் சாலையில் உள்ள சி.சி.எம்.பி. என்ற செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் நீண்ட ஆராய்ச்சி ஒன்று, இப்படித்தான் இறைச்சிக் கூடத்தில் தொடங்கியது.

தேடியது ஒரு புரதத்தை. பெயர் செரோட்டோனின்1ஏ ஏற்பி. செல்லைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வை ஏழு முறை ஊடுருவி, ஊசியால் தைத்த நூல் மாதிரி அதில் பதிந்திருக்கும். வெளியே வரும் ரசாயனச் செய்தியை வாங்கி உள்ளே சொல்வது இதன் வேலை. மனப்பதற்றத்துக்குத் தரும் பஸ்பிரோன் மாத்திரை இதைத்தான் பிடிக்கிறது. சந்தையிலுள்ள மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, இந்தப் புரதக் குடும்பத்தையே குறிவைக்கின்றன. பக்கத்திலேயே நாச்சாரம், மல்லாபூர் தொழிற்பேட்டைகளில் மருந்துத் தொழிற்சாலைகள் இயங்கும் ஊரில், இது வெறும் ஏட்டுச் சமாசாரம் அல்ல.

ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் அமிதாப சட்டோபாத்யாய. கொல்கத்தாக்காரர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் ஸ்டோனி புரூக்கில் டாக்டர் பட்டம் பெற்றவர். சவ்வுக்குள் ஒரு மூலக்கூறு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை ஒளிரும் பொருட்களை வைத்து அளக்கும் முறையை, 1987இல் எர்வின் லண்டனுடன் சேர்ந்து வெளியிட்டார். 2001இல் பட்நாகர் விருது கிடைத்தது.

புரதத்தை எல்லோரும் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அது உட்கார்ந்திருக்கும் கொழுப்பைக் கவனித்ததுதான் இவருடைய தனித்தன்மை. மாணவர் தாமஸ் புக்காடியிலுடன் 2004இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய மூலக்கூறின் வகை ஒன்றால், மூளைச் சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை உருவினார்கள். ஏற்பியின் பிடிமானம் தளர்ந்தது. கொலஸ்ட்ராலைத் திரும்பக் கொடுத்ததும் பிடிமானம் மீண்டது.

சரி, கொலஸ்ட்ராலுக்குப் பதில் அதன் ஒன்றுவிட்ட சகோதரன் வந்தால்? உடலில் கொலஸ்ட்ரால் உருவாவதற்கு ஒரு படி முன்னால் உள்ள பொருள் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால். (தோலில் வெயில் பட்டு வைட்டமின் டி உண்டாவதும் இதிலிருந்துதான்.) இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு. அதைக் கொடுத்தபோது சவ்வின் கட்டுக்கோப்பு சரியானது. ஏற்பி மட்டும் வேலைக்குத் திரும்பவில்லை. 2007இல் வந்த இந்த முடிவுக்கு ஆஸ்பத்திரிகளிலும் அர்த்தம் உண்டு. அந்தக் கடைசிப் படியைச் செய்யும் என்சைம் பரம்பரையாகவே பழுதான குழந்தைகளுக்கு, ஸ்மித்-லெம்லி-ஒபிட்ஸ் என்ற நோய் வருகிறது. மூளை வளர்ச்சி குன்றுகிறது.

பரபரப்புக்கு இடம் தந்தது 2010 சோதனை. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளில் முதலாவதான மெவாஸ்டாட்டினை, மனித ஏற்பி பொருத்திய செல்களுக்குத் தொடர்ந்து கொடுத்தார்கள். ஏற்பிகளின் எண்ணிக்கை குறையவே இல்லை. ஆனால் இருந்தவை சரியாக வேலை செய்யவில்லை.

அப்படியானால் இதய நோயாளிகள் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. சோதனை நடந்தது வெள்ளெலியின் சூலகத்திலிருந்து வந்த செல்களில், கண்ணாடித் தட்டில். தவிர, உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை வைத்திருந்தாலும், அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலை அது வாங்குவதில்லை. ஸ்டாட்டின்கள் மாரடைப்பைத் தடுக்கின்றன என்பதற்கு மனிதர்களிடமே நடத்திய பெரிய பரிசோதனைகளின் சான்று இருக்கிறது. ஹைதராபாத் சோதனை எழுப்பியது வேறு கேள்வி: மருந்து தேடுகிறவர்கள் புரதத்தை மட்டும் தனியே பார்த்தால் போதுமா?

சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை உருவியும் திரும்பக் கொடுத்தும் மறைமுகமாகவே இதை நிரூபிக்க வேண்டியிருந்தது. 2021இல், உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் எடுத்த செரோட்டோனின்1ஏ ஏற்பியின் உருவத்தைச் சீன விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். புரதத்தைச் சுற்றிக் கொலஸ்ட்ரால் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.