முதுகுக்குப் பின்னால் ஓடுபாதை

மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் 1930-இல் தொடங்கியது. அங்கே மட்டுமல்ல, ஒற்றை இன்ஜின் செஸ்னாவில் எங்கே பறக்கப் பழகினாலும் சொல்லித்தரப்படும் விதி ஒன்று உண்டு: தரையை விட்டு எழுந்த சற்று நேரத்தில் இன்ஜின் ஓய்ந்தால், திரும்பாதே; நேரே இறங்கு. இன்ஜின் ஓயப் பல காரணங்கள். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். கார்புரேட்டரில் பனி படிந்திருக்கலாம். சென்னைப் புழுக்கத்தில் பனியா என்று சிரிக்க வேண்டாம். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டருக்குள் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேலும் குறையும், ஈரக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். காரணம் எதுவானாலும், நல்ல ஓடுபாதை பின்னால் கிடக்க, முன்னால் தெரியும் கட்டடங்களை நோக்கிப் போகச் சொல்வது விசித்திரமாகத்தான் படும்.

கணக்குப் போட்டால் விசித்திரம் விலகும். இன்ஜின் நின்ற செஸ்னா 172 மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் மிதந்து இறங்கும். ஒன்பது அடி முன்னேற ஓரடி உயரம் செலவு. விநாடிக்கு மூன்று டிகிரி என்ற வழக்கமான நிதானத்தில் திரும்பினால் அரைவட்டத்துக்கு ஒரு நிமிடம், அதற்குள் 700 அடிக்கு மேல் போய்விடும். மெரினா கலங்கரை விளக்கம் ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம் அது. அப்படித் திரும்பி முடித்தாலும் விமானம் ஓடுபாதைக்கு நேராக இருக்காது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்கும் அந்தக் கலங்கரை விளக்கத்துக்கும் உள்ள தூரம் பக்கவாட்டில் விலகியிருக்கும். இன்னும் திரும்ப வேண்டும், இன்னும் உயரம் வேண்டும். ‘இறக்கையைச் சாய்த்துச் சட்டென்று திரும்பினால்?’ என்று கேட்கலாம். உயரம் மிச்சமாகும், உண்மை. ஆனால் 45 டிகிரி சாய்வில், இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும் வேகம் சுமார் 19 சதவீதம் கூடுகிறது. தரை நெருங்கும் பயத்தில் மூக்கை மேலே இழுக்கும் கை அந்த எல்லையைத் தாண்டிவிட்டால், விமானம் ஒரு பக்கம் கவிழ்ந்து குத்திட்டு விழும். மீட்டெடுக்க உயரம் இராது. போதிய உயரத்தை முன்பே கணக்கிட்டு, பயிற்சியும் எடுத்தவர்கள் திரும்பி வந்ததுண்டு. திடுக்கிடலில் சில விநாடிகளை இழக்கும் மாணவருக்கு அது பொருந்தாது.

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குக் கிழக்கே கிண்டி, அடையாறு என்று நெருங்கிய நகரத்தில் நேரே எங்கே இறங்குவது என்பதுதான் வலுவான ஆட்சேபம். அதற்கும் காற்றே பதில் சொல்கிறது. விமானம் காற்றை எதிர்த்தே புறப்படும். 80 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் விமானம், அதே திசையில் 25 கிலோமீட்டர் கடற்காற்றை எதிர்த்து வந்தால் தரையை 55-இல் தொடும். திரும்பி, காற்றை முதுகில் வாங்கினால் 105-இல். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் வித்தியாசம் மூன்றரை மடங்குக்கும் மேல். தவிர, மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதை மூன்றரை கிலோமீட்டருக்கும் நீளம். அதன் தொடக்கத்திலிருந்தே புறப்பட்ட சிறு விமானம் 300 அடி ஏறும்போது, நேரே இறங்க முன்னால் ஓடுபாதையே மீதமிருக்கும்.