விமானப் பொறியியல் படிக்கப் பணம் கட்டும் முன்...

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் தோற்றிய எமது பிள்ளைகளில் சிலர் "ஏரோநோட்டிக்கல் படிக்கப் போகிறேன்" என்கின்றனர். காணியை விற்றாவது பணம் கட்டப் பெற்றோரும் தயாராகின்றனர். ஆனால் அந்தப் பெயரில் இரண்டு வேறுபட்ட துறைகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

முதலாவது, விமானப் பராமரிப்பு. இதில் பட்டத்தை விட முக்கியமானது உரிமம். பரீட்சைகளில் சித்தியடைவதோடு, விமானங்களில் நேரடியாக வேலை செய்த அனுபவமும் இருந்தாலே உரிமம் கிடைக்கும். ஆகவே, "அந்த அனுபவத்தைப் பெற எங்கே இடம் தருவீர்கள்?" என்பதே கல்வி நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இரண்டாவது, விமானத்தையும் அதன் எஞ்சினையும் வடிவமைக்கக் கற்பிக்கும் நான்கு வருடப் பொறியியல் பட்டம். இதன் அடித்தளம் இயந்திரப் பொறியியலே. வெப்ப இயக்கவியல், பாயிப் பொறியியல், பொருட்களின் வலிமை, கட்டுப்பாட்டுத் தொகுதிகள் ஆகியன இரண்டுக்கும் பொதுவானவை. களனிதிஸ்ஸ மின் நிலையத்தின் வாயுச் சுழலியும் விமானத்தின் ஜெட் எஞ்சினும் ஒரே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. இரண்டும் காற்றை அமுக்கி, அதில் எரிபொருளை எரித்து, விரியும் வாயுவால் சுழலியைச் சுற்றுகின்றன.

பெரிய வேறுபாடு நிறையில் உள்ளது. தரையில் உள்ள இயந்திரத்தைத் தேவைக்கு மேல் தடிப்பாகச் செய்யலாம். விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் எரிபொருளைத் தின்னும். எனவே, எதிர்பார்க்கும் அதிகூடிய சுமையின் 1.5 மடங்கைத் தாங்கும்படியே அதன் உடலமைப்பைப் பொதுவாக வடிவமைப்பர்.

இயந்திரப் பொறியியலை மொறட்டுவை, பேராதனை, ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இலவசமாகவே கற்கலாம். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியல் பட்டமும் உண்டு.

தொழிலையும் யோசிக்க வேண்டும். பயணிகள் விமானங்களை வடிவமைக்கும் நிறுவனங்கள் எமது நாட்டில் இல்லை. அமெரிக்காவில் ஆயுத ஏற்றுமதிச் சட்டங்கள் காரணமாக, விண்வெளி மற்றும் பாதுகாப்புத் துறை நிறுவனங்களின் பல வேலைகள் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடைப்பதில்லை. இயந்திரப் பொறியியலாளருக்கோ மின் நிலையம், துறைமுகம், ஆடைத் தொழிற்சாலை, குளிரூட்டல் எனப் பல கதவுகள் திறந்திருக்கின்றன. பின்னர் முதுமாணியில் விமானத்துறைக்கு மாறவும் முடியும்.

தனியார் நிறுவனமொன்றைத் தெரிவு செய்வதாயின், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா, அந்தப் பட்டத்தை இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் ஏற்கிறதா என இரண்டையும் விசாரியுங்கள். அந்நிறுவகம் 2014 முதல் வொஷிங்டன் உடன்படிக்கையின் முழு அங்கத்தவர் என்பதால், அது அங்கீகரித்த பட்டத்துக்கு ஏனைய அங்கத்துவ நாடுகளிலும் மதிப்புண்டு.

காணியை விற்பதற்கு முன் இந்த விசாரிப்பை முடித்துவிடுங்கள். அதற்குச் செலவாவது ஓரிரு நாட்கள் மட்டுமே.